எழுபத்து நான்கு

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
நாற்பது பதினேழு என்கிறது திரை.
ஏறுவது புது மருந்தா, பழைய மருந்தா
அதையும் மறைத்துவிட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
இடப்பக்க ஏழாம் விலா எப்போதோ முறிந்து கூடியிருக்கிறது.
செப்டம்பரில் வந்த முதல் படத்தில்
சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்ற மறந்திருக்கிறார்.
அடக்கச் சொன்னால் மூச்சை அடக்குகிறவர்.

கல்லீரலில் ஐம்பத்திரண்டு. நுரையீரலில் முப்பத்தொன்று.
நிணநீர்க் கணுவை அகலத்தில் மட்டும் அளக்க வேண்டும், இருபத்து நான்கு.
கூட்டினால் நூற்றேழு மில்லிமீட்டர்.
நேர்கோட்டில் வரிசையாக நிறுத்தினால்
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.
எலும்பில் இருப்பதை அளப்பதில்லை.
இருக்கிறது என்று மட்டும் எழுதலாம்.

தார்த்துவில் ஜனவரி மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
என் அறைக்கு அது பொருட்டில்லை,
இங்கே பகலிலும் விளக்கு கிடையாது.
மூன்றாம் வருகை:
முப்பத்தேழு, இருபத்தொன்று, பதினேழு.
எழுபத்தைந்து.
நூற்றுக்கு இருபத்தொன்பது புள்ளி ஒன்பது குறைந்திருக்கிறது.
முப்பது குறைந்தால்தான்
கட்டி மருந்துக்குப் பதில் சொன்னதாகக் கணக்கு.
நிலையாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதே படத்தை இன்னொருவரும் அளக்கிறார்.
யார், எந்த ஊர், சொல்லமாட்டார்கள்.
அவர் கடிகாரம் என்னுடையதைவிட இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுவதால்
போர்ட்டோ என்று வைத்துக்கொண்டேன்.
கல்லீரலில் முப்பத்தாறு என்றார் போர்ட்டோ.
எழுபத்து நான்கு.
பதில் உண்டு.

அன்று மூச்சு முழுதாக அடங்கவில்லை.
இருமலாக இருக்கலாம்.
யாராவது அறைக்கு வெளியே சிரித்திருக்கலாம்.
ஈரக் காகிதத்தில் மைபோல விளிம்பு ஊறியிருந்தது.
ஊறலையும் சேர்த்து அளந்தேன் நான்.
அவர் சேர்க்கவில்லை.
இருவருமே பொய் சொல்லவில்லை.

நடுவர் வந்தார். அவர் புதிதாக அளக்கக் கூடாது,
எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.
போர்ட்டோவைத் தேர்ந்தெடுத்தார்.
எனக்கு வருத்தமில்லை.
இருந்தது. இரண்டு நாள்.

அந்தச் சனிக்கிழமை பெய்ப்சி ஏரியில்
என் மைத்துனர் லெம்பித் பனியைத் துளைத்துக்
கொக்கிக் கோலை விட்டுப் பார்த்தார்.
பத்து சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் ஆள் நடக்கலாம்.
ஒன்பதரை.
நான்கு எட்டு தள்ளி மறுபடி துளைத்தார். பத்து.
எது சரி என்றேன்.
கோலைத் துடைத்து வண்டியில் வைத்துவிட்டு
காப்பி குடிக்கலாமா என்றார்.

ஐந்தாம் வருகையில் அறுபது.
போர்ட்டோவும் அறுபது.
அன்று மதியம் ஆற்றங்கரையில் நின்று
யாருக்கென்று தெரியாமல் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

ஜூலை. இரவு பத்தரைக்கும் வெளிச்சம்.
ஆறாம் வருகை.
எழுபத்து நான்கு.

விதி இது:
குறைந்ததை முதல் நாளோடு ஒப்பிடு.
கூடியதை, இருந்ததிலேயே நல்ல நாளோடு ஒப்பிடு.
அறுபதிலிருந்து பதினான்கு ஏறியிருக்கிறது.
நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டது.
இதற்கு எழுத வேண்டிய சொல்: முன்னேற்றம்.
பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதுவாரே,
அதே சொல்.
இங்கே முன்னேறுவது நோய்.

ஜனவரியில் இதே எழுபத்து நான்கு அவரைக் காப்பாற்றியது.
நான் நிலையாக உள்ளது என்று எழுதியதைவிட
இது ஒரு மில்லிமீட்டர் சிறியது.
இன்று இதே எண் மருந்தை நிறுத்துகிறது.

போர்ட்டோவோடு சண்டை போட இம்முறை ஒன்றுமில்லை.
விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கிறது.
பன்னிரண்டு நொடியும் மூச்சை அடக்கியிருக்கிறார்.
பொத்தானும் இல்லை.
மறுபடி அளந்தேன். மறுபடியும்.

ஏழாம் விலா
முறிந்த இடமே தெரியாதபடி கூடியிருக்கிறது.
அதை எழுத இந்தப் படிவத்தில்
கட்டம் இல்லை.