சாதி நாய்

லான் ஆற்றின் மேல் மூட்டம் இன்னும் எழும்பவில்லை.
கீசன் கால்நடை வைத்தியசாலை, மூன்றாம் மாடி.
திங்கள் வந்த உறைகள் நாற்பத்தொன்று,
ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுக்குச்சி,
ஒரு நாயின் கன்னத்து ஈரம்.

இருபத்தேழாவது ஆல்வின்.
பதிவேட்டில் அவனுக்கு ஐந்து சொல் நீளப் பெயர்,
இடையில் ஒரு கோட்டை, ஒரு காடு.
டாக்கல். கம்பிமயிர். மார்புச் சுற்று முப்பத்தாறு.
ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் குள்ளன்,
இன்னும் குறைந்தால் முயலன்.
ஓர் இனத்தை மூன்றாய்ப் பிரிக்க
தையற்காரரின் நாடா போதும் இங்கே.

எப்போதோ, எந்த நாயிலோ,
எலும்புக்குச் சேதி சொல்லும் ஒரு வரி
தன் இடத்தில் இருந்தபடியே
வேறோரிடத்திலும் போய் ஒட்டிக்கொண்டது.
சேதி கூடிப்போனதில்
கால் அவசரமாய் முதிர்ந்து, பாதியில் நின்றது.
வேட்டைக்காரன் பார்த்துச் சிரித்திருப்பான்.
பிறகு வளைக்கரடியின் வளைவாசலைப் பார்த்து
சிரிப்பை நிறுத்தியிருப்பான்.
குட்டையைக் குட்டையோடு கட்டினான்,
மகனைத் தாயோடு கட்டினான்.
எழுத்துப்பிழைக்குச் சங்கம் வந்தது,
முத்திரை வந்தது, வெள்ளிக் கோப்பை வந்தது.

இன்று வெள்ளி. ரோஷ்மன் அம்மையார் தொலைபேசியில்:
பின்கால் இரண்டும் இழுபடுகிறதாம்,
படியேற மறுக்கிறானாம்.
“ஆனால் அவன் சுத்தம்தானே?”

பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் இன்னொரு நகல் இருக்கிறது.
முள்ளந்தண்டின் மெத்தைகளை
இளவயதிலேயே சுண்ணாம்பாக்குவது அது.
ஆல்வினிடம் தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று,
எந்தக் குறையும் இல்லாமல்.
சுத்தம்தான், அம்மா, என்றேன்.
மூச்சு விட்டார். நன்றி சொன்னார்.

வைத்த கை எடுக்குமுன் டோர்ட்மண்ட் மாமி.
தம்பிக்குப் பேசின இடம் பற்றி.
பெட்டை கெட்டிக்காரி, பல் வைத்தியம் முடித்தவள்,
சொந்த வீடு, சாதகமும் பொருத்தம்.
பிறகு குரல் இறங்கியது,
பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி:
“அவை என்ன ஆக்கள் எண்டு விசாரிச்சனியோ?”

என் கையில் இருபத்தெட்டாவது உறை.
இனம் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
ருமேனியத் தெருவொன்றிலிருந்து வந்த பெட்டை,
(எங்களிடம் இரண்டுக்கும் அதே சொல்தான்)
காது ஒன்று நிமிர்ந்தது, மற்றது மடிந்தது,
பெயர் மிட்ஸி என்று மட்டும்.

ஜெல்லில் ஊதா வெளிச்சம் போட்டேன்.
இருபத்தேழாம் பள்ளத்தின் கோட்டுக்குப் பக்கத்தில்,
அதே உயரத்தில், கொஞ்சம் மங்கலாய்,
இருபத்தெட்டிலும் ஒரு கோடு.
அதே நகல். அதே இடம்.
இரண்டு பேருக்கும் எங்கோ ஒரே பாட்டன்,
அவனுக்குப் பதிவெண் இல்லை.

“ஹலோ? பிள்ளை? கேக்குதே?”

லைன் சரியில்லை மாமி, என்றேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.