ஐந்து ஹெர்ட்ஸ்

பழைய ஆட்டோ ஸ்பீக்கர் ஒன்று,
அதன் முகத்தில் ரப்பர் சவ்வு,
இரண்டு அழுத்த உணரிகள்,
வாயில் கடிக்க ஒரு குழாய்.
மூடி போட்டால் டிபன் கேரியர் அளவு.
எடை ஒன்றரைக் கிலோ.
விண்ணப்பத்தில் ஒரு கிலோ என்று எழுதியிருக்கிறேன்.

ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்று
யாரையும் விரட்டவேண்டாம்.
அதுதான் இதன் ஒரே பெருமை.
சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.
குழாய் வழியாக ஒரு சின்ன நடுக்கம்
உள்ளே போய்த் தட்டிவிட்டுத் திரும்பும்.
கதவு இறுக்கமா தளர்வா என்று
தட்டிய கைக்குத் தெரியாதா?

கோத்தகிரியில் முதல் நாள்
மேகம் தொழிற்சாலைக்குள் நுழைந்து
குழாய்க்குள் வியர்த்தது.
உலர்த்தும் அறை வாசலில் வைத்துக் காயவைத்தேன்.
இரண்டாம் நாள் கரண்ட் போனது.
எங்களுக்கு பேட்டரி இருந்தது, அவர்களுக்கு வேலை இல்லை.

கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்,
இல்லாவிட்டால் நடுக்கம் மார்புக்குப் போகாமல்
கன்னத்திலேயே ஆடித் தீர்ந்துவிடும்.
மூக்கில் கிளிப் மாட்டி
பத்தொன்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்து
தங்கள் முகத்தைத் தாங்களே ஏந்திக்கொண்டார்கள்.
சகாயராணிக்குச் சிரிப்பு வந்து
மூன்று முறை அளவு கெட்டது.
சிரிப்பை என்ன செய்வதென்று
என் நிரலுக்குச் சொல்லித்தரவில்லை.

கரண்ட் வந்து கால்மணி நேரம் கழித்து
பிலவேந்திரன் முறை.
சல்லடை இயந்திரத்தில் பதினாறு வருடம்.
புருவத்தில், காது மடலில் தேயிலைத் தூசு.
திரையில் சரியாக ஐந்து ஹெர்ட்ஸில்
ஊசி மாதிரி ஒரு முனை.
எந்த மார்பிலும் நான் பார்த்திராதது.
கை சில்லிட்டது.
கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது,
ஒளிப்பானேன்,
கட்டுரைக்குத் தலைப்புகூட ஓடியது மனதில்.

அவர் குழாயை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.
"அஞ்சுன்னா, வினாடிக்கா?
அது சல்லடைங்க.
நிமிசத்துக்கு முந்நூறு ஆட்டம்.
தரை ஆடுது, பெஞ்சு ஆடுது,
உங்க பொட்டி மட்டும் ஆடாதா?
ராத்திரி லயத்துல படுத்தாலும்
எனக்குள்ள அது நிக்கிறதில்ல."

முந்நூறை அறுபதால் வகுத்துப் பார்த்தேன்,
கால்குலேட்டரில்.

பெஞ்சைத் தூக்கி
எடைமேடைக்கு அப்பால், சில்வர் ஓக் அடியில் போட்டோம்.
முனை போய்விட்டது.
அதன் பின்னால் இருந்த எண் போகவில்லை:
ஓரத்துச் சிறு கிளைகள்,
விறைத்துப்போய், அடைபட்டு.
மூன்று முறை எடுத்தேன். மூன்றும் ஒன்று.
வயது முப்பத்தெட்டு. எனக்கும்.

"என்ன சொல்லுது?"
"இன்னும் சோதிக்கணும்."
நான் சொன்னது பெட்டியை.
அவர் தன்னை என்று எடுத்துக்கொண்டார்.
அன்றைக்குத் திருத்தவில்லை.

மறுநாள் சொன்னேன்,
குன்னூர் போய் எக்ஸ்ரே எடுங்கள்,
இந்தத் துணி முகக்கவசம் போதாது என்று.
"லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம்?"
அதற்கு அலைவரிசை எதுவும்
என்னிடம் இல்லை.

மேட்டுப்பாளையம் பஸ்.
மடியில் பெட்டி, நாலு சதவீத பேட்டரி.
அணைக்க மறந்த திரையில் காற்றழுத்தம்
எண்ணூற்றுப் பதினைந்து, எண்ணூற்று முப்பது,
குஞ்சப்பனை தாண்டியதும் தொள்ளாயிரம்.
காது அடைத்து, திறந்து, அடைத்தது.
நிறுத்தத்தில் எஞ்சின் உறுமும்போது
இருக்கை ஆடியது, கம்பி ஆடியது,
என் கன்னமும்.
எத்தனை ஹெர்ட்ஸ் என்று
ஓட்டுநரைக் கேட்கவேண்டும்.