முறை

டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் படியிறங்கினால்
மேபல் லியாவின் பல் ஆஸ்பத்திரி.
அவள் பிடுங்குவாள், நான் கட்டுவேன்.
பதினாறு வருடமாக
மும்பையின் பொக்கை வாய்களுக்கு
அக்ரிலிக்கில் சிரிப்பு செய்கிறேன்.

சுவரில் பழைய காலண்டர்.
தேதிகள் செத்துவிட்டன, யாரும் கழற்றவில்லை.
கைகளைக் கோத்து ஒரு தாடிக்காரர்.
அவர் பக்கத்தில்
மை கொட்டினாற்போல் ஒற்றை எழுத்து.

அச்செடுத்த அன்று
தட்டை உருவியதும் அப்பா கேட்டார்,
கறுப்புச் சட்டையில் பிசின் ஒழுக:
"இது உங்க சாமியா?"
வாத்தியார், என்றாள் மேபல்.
"கடவுள் உண்டுன்னாரா?"
அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாராம்.
"அப்போ பாதி நம்ம ஆளு."

மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை.

அது அந்த எழுத்து.
"லி" என்று படிக்கணுமாம்.
அதற்கு மேல் மேபலுக்கும் சீனம் வராது.
இந்தியில் துழாவினாள்:
பூஜையா? இல்லை.
தமீஸா? அதுவும்தான்.
காய்தா? கொஞ்சம்.
நான் தமிழில் துழாவினேன்.
சடங்கு என்றால் அப்பா சண்டைக்கு வருவார்.
மரியாதை என்றதும்
பொன்னாடையும் மைக்கும் வந்து நிற்கின்றன.

மறுநாள் தாராவியில், நாலரை மணிக் குழாயடியில்
யாரோ குடத்தைக் குடத்தால் இடித்துக் கத்தினாள்:
"இது என் முறைடீ!"

முறை.
தண்ணீருக்கு நிற்பது முறை.
மாமன் மகன் முறை.
கல்யாணத்தில் மொய் எழுதினால் செய்முறை.
நாற்காலியில் இருப்பவன் தின்றால் முறைகேடு.
எத்தனை தரம் என்று எண்ணினாலும் முறை,
எண்ணாமல் செய்தாலும்.

மேபலிடம் சொன்னேன்.
இரண்டு பேரும் தாடிக்காரரைப் பார்த்தோம்.
ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவள்
ஏப்ரலில் ஒருநாள் ஆண்டாப் ஹில்லுக்கு,
சீனக் கல்லறைக்கு,
துடைப்பத்தோடு போவாள்.
இந்த வருடம் வாளி தூக்க நான்.
அவளுடைய அப்பாவின் பெயரை,
கல்லில் ஒவ்வொரு கீறலாக,
பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள்.
ஆரஞ்சு, அவித்த கோழி,
மூன்று குட்டிக் கிண்ணத்தில் தேநீர்.
"வருவாருன்னு நம்புறியா?"
"தெரியாது.
கொஞ்சம் நகரு, காத்துல டீ ஆறுது."
பிறகு கோழியை நாங்களே தின்றோம்.
ஒரு கால் வாட்ச்மேனுக்கு.

என் அப்பாவுக்குக் கல் இல்லை.
"ஐயர் வேணாம், பிண்டம் வேணாம்,
காக்காயைக் கூப்பிடாதே, அதுக்குப் பொழைக்கத் தெரியும்"
என்றவரை
சயான் ஆஸ்பத்திரி மாணவர்களிடம் கொடுத்தோம்.
நர்ஸ் திருப்பித் தந்தது ஒரு பொட்டலம்.
நான் கட்டிய பல்.

அடுப்படித் திட்டில், எவர்சில்வர் டம்ளரில்,
தண்ணீருக்குள் இருக்கிறது.
தினம் தண்ணீர் மாற்றுகிறேன்.
காய்ந்தால் அக்ரிலிக் கோணிக்கொள்ளும்.
இது தொழில் தெரிந்தவள் சொல்லும் காரணம்.
பொருந்த வாய் இல்லாத பல்
கோணினால் என்ன
என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

குளித்த பிறகுதான் தொடுகிறேன்.
குழாயில் என் முறை வந்ததும்
முதல் குடத்தின் முதல் தண்ணீர் அதற்கு.
ஒருநாள் தம்பி மகள் கொட்டிவிட்டாள்,
முதுகில் ஒன்று வைத்தேன்.
வருகிறாரா? இல்லை.
இல்லை என்று சொல்லச்
சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.
ஆனாலும் விடிகாலையில் அந்த டம்ளருக்கு முன்
நான் கொஞ்சம் நேராக நிற்கிறேன்,
பள்ளிக்கூடத்தில் அவர் கையெழுத்துப் போட வந்த
நாட்களைப் போல.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மதிவாணன் பார்த்துவிட்டான்.
"என்னக்கா, சடங்கா?"
"இல்லடா. தண்ணி மாத்துறேன்."
அவன் சிரிக்கவில்லை. தூங்கப் போனான்.

மறுநாள் நான் எழும் முன்பே
அவன் கையில் டம்ளர்.
"இன்னிக்கு என் முறை."

கொஞ்சம் சோப்பு வாடை அடிக்கிறது,
விம் போட்டுத் தேய்த்திருக்கிறான் மடையன்.
இருக்கட்டும்.
நாளைக்கு நான்.