மாதிரி 31

சோம்பாவில் இன்று மின்சாரம் ஒன்பது மணி வரைதான்.
பிறகு லாரி பேட்டரி.
அதற்கும் பிறகு கடவுள் விட்ட வழி.

மேசைமேல் கருவி, சீப்பளவு.
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள்.
யார் யார் வயிற்றிலிருந்தோ வந்த நூல்
ஒவ்வொரு துளையிலும் நுழைந்து வெளியேறுகிறது.
நுழையும்போது மின்னோட்டம் நடுங்கும்.
அந்த நடுக்கத்தை
எழுத்துக்கூட்டிப் படிப்பது என் வேலை.
நான்கே எழுத்து,
நாற்பது லட்சம் முறை,
இடையில் மூச்சுவிட ஒரு புள்ளி கிடையாது.
தலையெழுத்து என்பார்கள்.
இது குடலெழுத்து.

சில்வா ஏரியில்
கோரைத் திட்டின்மேல் குடிசை போட்டுத்
தண்ணீரிலேயே வாழ்கிறார்கள் மீனவர்கள்.
காற்றடித்தால் வீடு நகரும்.
மாலை மலாவியில் மூட்டிய அடுப்பு
விடியும்போது மொசாம்பிக்கில் புகையும்.
குடிப்பதும் அந்தத் தண்ணீர்,
கழிப்பதும் அந்தத் தண்ணீர்.

பிப்ரவரியில் படகெடுத்துப் போனோம்.
அரிசி களைந்த நீராய்ப் போகிறது என்றார்கள்.
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.
நேற்று வலை இழுத்த கை
டம்ளரைப் பிடிக்கவில்லை.
ஆனால் விரல் நீட்ட மட்டும்
எல்லோருக்கும் தெம்பிருந்தது.
அந்தக் குடிசை. அக்கரைக்காரி. ஃபெலிஸ்மினா.
முதலில் செத்தது அவள் பிள்ளை.
"அவள்தான் கொண்டுவந்தாள்."

ஃபெலிஸ்மினா லோம்வே பேசினாள்.
எங்களில் யாருக்கும் லோம்வே தெரியாது.
மடித்து வைத்திருந்த துணியொன்றை விரித்தாள்,
பிள்ளையை முதுகில் கட்டும் துணி.
மஞ்சளில் கருஞ்சிவப்புப் பூக்கள்.
ஒரு பூவின்மேல் விரல் வைத்து
"எபோமே" என்றாள்.
இன்னொரு பூ. "எபோமே."
நான் தலையாட்டினேன்.
தலையாட்டிக்கொண்டே
அந்தப் பூவைச் சுரண்டிக் குழாயில் போட்டு
நீல மசியில் எழுதினேன்:
மாதிரி 31. பெண். வயது இரண்டு.
காலரா என்று சந்தேகம். முதல் நோயாளி.

அதன்பின் ஏழு வாரம்.
ரசாயனப் பெட்டி விமான நிலையத்தில்
சுங்க முத்திரைக்காகக் காத்துக் கிடந்தது.

இன்று படித்தேன்.
இருபத்தாறு மாதிரி ஒரே கிளையில் காய்த்திருக்கிறது.
கச்சூலு சந்தைக் குழாயில் பிடித்த நீருக்கும்
அவர்களுக்கும் இடையில்
இரண்டே எழுத்து வித்தியாசம்.
உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கப் போனவர்கள்
ஏரித் தண்ணீர் கெட்டுவிட்டதென்று
நல்ல தண்ணீர் பிடித்துவந்திருக்கிறார்கள்.

முப்பத்தொன்று அந்த மரத்திலேயே இல்லை.
காலராவின் ஒரு வரிகூட அதில் இல்லை.
ஷிகெல்லா.
ரத்தபேதி.
மூன்று நாள் மாத்திரை.
எங்கள் பெட்டியில் இருந்தது அந்த மாத்திரை.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மெர்சியானா
பலோம்பேக்காரி, லோம்வே வீடு.
எபோமே என்றால் என்ன என்று கேட்டேன்.
துடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்,
"ரத்தம்."

துணியில் பூவே இல்லை, அப்படியானால்.
வெறும் மஞ்சள்.

கரைக்குப் போன் போட்டேன்.
மீன் வியாபாரி கிளாட்சன் எடுத்தான்.
மார்ச்சிலேயே அவள் குடிசையின் கழியைப்
பிடுங்கிவிட்டார்களாம்.
யார்?
எல்லோரும்தான்.
அன்று மேற்குக் காற்று என்றான்,
மழை நிலவரம் சொல்பவன் போல.
பிறகு, வலைக்கு நூல் விலை ஏறிவிட்டது,
சோம்பாவில் மலிவா என்று கேட்டான்.

இப்போது திரையில் படிவம்.
முடிவு: காலரா இல்லை. ஏற்றுக்கொண்டது.
தாய்க்குத் தகவல் தரப்பட்டதா?
முகவரி கட்டாயம் என்கிறது, சிவப்பில்.
ஏரி என்று அடித்தேன்.
செல்லாது.
கிழக்கு என்று அடித்தேன்.
செல்லாது.
பேட்டரி பன்னிரண்டு சதவீதம்.
"முதல் நோயாளி" என்பதை அழிக்க
மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டுமாம்.
அவர் திங்கட்கிழமைதான் வருவார்.