மீன்தொட்டிக் கடையின் எண்

பஹ்ரைனில் சித்ரா என்றால் பெண்ணல்ல, தீவு.
எண்ணெய்த் தொட்டிகள் ஒரு பக்கம்,
எங்கள் கேம்ப் மறுபக்கம்.
ஒன்றாம் தேதி சம்பளம் ஏறிய இரவில்
ஏடிஎம் முன்னால் முதல் ஆளாய் நிற்பவன்
கார்டு அண்ணன்.

ரப்பர் பேண்ட் போட்ட கட்டு அவன் கையில்.
சீட்டுக்கட்டென்று நினைப்பீர்கள்.
நாற்பத்து மூன்று பேரின் வங்கி அட்டைகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் மாஸ்கிங் டேப்,
டேப்பின் மேல் நாலு எண்.
கலைக்காமலே ஆடுவான்,
எல்லாக் கையும் அவனுக்கே.

நூறு தினாருக்கு மாதம் இருபது.
"அவசரத்துக்கு ஆண்டவன் லேட்டாத்தான் வருவான், நான் உடனே வருவேன்."
உண்மைதான். மகளுக்குக் குடல்வால் வெடித்த இரவு
பத்து நிமிடத்தில் வந்தான்.
லைசென்ஸ் இருக்காண்ணே என்று கேட்டேன்,
பணத்தை எண்ணிக்கொண்டே.
விசிட்டிங் கார்டைத் திருப்பிக் காட்டினான்.
ஓரத்தில் ஓர் எண், நடுவே கோடு,
கோட்டுக்கு அப்பால் ஒன்று.

எண் என்றால் நமக்கு ஒரு மரியாதை.
பரீட்சை எண், பாஸ்போர்ட் எண், ரேஷன் அட்டை எண்.
எண்ணுள்ள எதுவும் பொய் சொல்லாதென்று
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஐந்து மாதம் கழித்து
ஓவர்டைம் தாளின் பின்பக்கம்
ஞானப்பழம் கணக்குப் போட்டான்.
நூறு கட்டியாயிற்று. பாக்கி நூறு.
"இது வட்டி இல்லடா, வாடகை.
ஒன் கார்டுக்கு நீயே கட்டுற வாடகை."

வியாழன் மதியம், சாரத்தின் மூன்றாம் தட்டில்
ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகி
மத்திய வங்கிக்கு அடித்தேன்.
என் உடைந்த அரபியை ஒரு பெண்
பொறுக்கி அடுக்கிக்கொண்டாள்.
ஸிஃபர், தலாதா, சப்ஆ...
கீழே கிரேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.
மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள்.
சொன்னேன்.
விசைகள் தட்டும் சத்தம். பிறகு சத்தமில்லை.

கடன் தர அனுமதி பெற்றவர் பட்டியலில்
இந்தப் பெயர் இல்லை.
எண் மட்டும் உண்மை.
வணிகப் பதிவில் இருக்கிறது:
அலங்கார மீன், மீன்தொட்டி, மீனுணவு விற்பனை.
காலாவதியாகி மூன்று வருடம்.

மீனா என்று சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"கடன் வாங்கப் போகிறீர்களா, வாங்கிவிட்டீர்களா?"

"நண்பனுக்காகக் கேட்கிறேன்."
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் போல.
"உங்கள் நண்பனின் அட்டை அவர்களிடம் இருக்கிறதா?"
பதில் சொல்லவில்லை.
அனுமதி உள்ளவர்கள் அட்டையைக் கேட்க மாட்டார்கள்,
ரகசிய எண்ணையும் கேட்க மாட்டார்கள் என்றாள்.
கொஞ்சம் விட்டு,
வங்கி மூன்று மணிவரை திறந்திருக்கும் என்றாள்.

ஃபோர்மேனிடம் வயிற்றுவலி என்றேன்.
மகளின் வலியைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டேன்,
வட்டியில்லாமல்.
கவுண்டரில், பழைய அட்டை எங்கே என்றார்கள்.
தொலைந்தது.
அது முழுப்பொய் இல்லை.

இன்று ஒன்றாம் தேதி.
வரிசையில் பதினோராவது ஆள் நான்.
புது அட்டை காலுறைக்குள், குதிகாலில் உறுத்துகிறது.
அசலைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்,
கையில் நாற்பதுதான் சேர்ந்திருக்கிறது.
கார்டு அண்ணன் செருகுகிறான், உருவுகிறான்,
செருகுகிறான்.
மெஷின் ஒன்றைத் திருப்பித் தரவில்லை.
விரல் முட்டியால் திரையைத் தட்டுகிறான்,
மீன்தொட்டியைத் தட்டும் சிறுபிள்ளை மாதிரி.
உள்ளே ஒன்றும் அசையவில்லை.

திரும்பி வரிசையைப் பார்க்கிறான்,
முகம் முகமாக.
என் முகம் வர இன்னும் நாலு பேர்.

எனக்கு முன்னால் நிற்கும் வெல்டர்
திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுகிறான்.
விரித்த உள்ளங்கை, விரலிடுக்கில் பேனா.
"அந்தப் பொம்பளையோட போன் நம்பரை எழுது.
எனக்கில்ல.
ஒரு நண்பனுக்கு."