இரவல் குரல்

மதியம் மூன்று மணிக்கு ஃபிரவுக்கேயின் தொண்டை கட்டிக்கொண்டது.
டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து
உதட்டைப் பிதுக்கிவிட்டார்.
ஆறு நாற்பதுக்கு மான்ஹைம் ரயிலிலிருந்து
இலோன்கா இறங்கினாள்,
சக்கரம் உடைந்த பெட்டியும் ஈரக் குடையுமாக.
ஒத்திகைக்கு நேரமில்லை.
கஸ்ஸல் அரங்கில் அன்று ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை.

ஆக, ஏற்பாடு இப்படி:
உடம்பு நடுமேடையில். குரல் ஓரத்தில்,
ஒரு ஸ்டாண்ட், சின்ன விளக்கு, தண்ணீர் பாட்டிலோடு.
மேலாளர் திரைக்கு முன்னால் வந்து
மன்னிப்புக் கேட்டார். சபை முனகியது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
உதடு ஒருத்தி குரல் ஒருத்தி என்றே
படம் பார்த்து வளர்ந்தவள் நான்.
எங்கள் எந்த நாயகி
சொந்தத் தொண்டையால் பாடினாள்?

என் வேலை பின்சுவர்க் கண்ணாடி அறையில்.
இத்தாலியச் சொல் வாயைவிட்டு விழும் நொடியில்
அதன் ஜெர்மன் மேடைக்கு மேலே எரிய வேண்டும்.
அறுநூற்றுப் பதினெட்டு முறை பொத்தானை அமுக்குவேன்.
ஒன்று முந்திப்போனாலும்
அவள் சாகுமுன்பே சபை இருமத் தொடங்கிவிடும்.

கதை நூற்றெண்பது வருடப் பழசு:
கோட்டை, இரண்டு அண்ணன்கள், ஒரு பொய்க் கடிதம்.
எங்கள் இயக்குநர் கோட்டையை
நெடுஞ்சாலை உணவகம் ஆக்கியிருந்தார்.
வெள்ளிக் கிண்ணத்து நஞ்சு
பாத்திரம் கழுவும் பச்சைத் திரவமாயிற்று.
முதல் நாள் ஊளையிட்டார்கள்.
பிறகு பழகிவிட்டது.

மூன்றாம் அங்கம்.
ஃபிரவுக்கே குடித்தாள். வாயைத் திறந்தாள்.
பத்தடி தள்ளி,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாத ஒருத்தியிடமிருந்து
வலி வந்தது.
நம் சினிமாவில் குரல் ஒளிந்துகொள்ளும்.
இங்கே அது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு
எச்சில் தொட்டுத் தாள் புரட்டியது.
கூடுவிட்டுக் கூடு பாய்கிற உயிரை
பாதி வழியில் பார்த்துவிட்டதுபோல்
எனக்குக் கூசியது.

ஃபிரவுக்கே கொஞ்சம் சீக்கிரமே விழுந்துவிட்டாள்.
உடம்பு முடிந்துபோனது.
குரலுக்கு இன்னும் நான்கு வரி பாக்கி.

இலோன்கா தாளிலிருந்து நிமிர்ந்தாள்.
தரையில் கிடந்தவளைப் பார்த்தாள்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
பார்த்துக்கொண்டே பாடினாள்,
மன்னித்தேன் என்று.
அண்ணன்களையா, கீழே கிடப்பவளையா,
தெரியவில்லை.

அறுநூற்றுப் பதினேழில் என் விரல் நின்றுவிட்டது.
கடைசி வரி எரியவேயில்லை.
ஒருவரும் இருமவில்லை.
மறுநாள் கேட்டார்கள்,
இயந்திரக் கோளாறு என்றேன்.

பூச்செண்டு ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள்.
இரண்டு பெண்களுக்கும் நடுவே
அது கொஞ்ச நேரம் தடுமாறியது.

இரவு, டிராம் நிறுத்தத்தில்
இலோன்கா உப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
பூ இல்லை கையில்.
நன்றாக இருந்தது என்றேன்.
"அவளுக்கு முழங்கால் வீங்கியிருக்கும்,
அப்படியா விழுவாள் ஒருத்தி?" என்றாள்
ரொட்டியை மென்றபடி.

பேச்சுக் குரல் கட்டை, கொஞ்சம் மூக்கால் வேறு.
யாரும் இரவல் கேட்க மாட்டார்கள்.