கடைசி நாலு படி

காலை ஐந்தரைக்கு
சாங்கி சரக்கு முனையத்தை விட்டு வெளியே வருகிறேன்.
பன்னிரண்டு மணி நேரம்
ஊரார் பெட்டிகளை எடை போட்ட கை
காதில் ஒலிப்பானைச் செருகுகிறது.
பேருந்து வருமுன்
கேப்டன் தவமணியின் இழுவைப் படகு கிளம்பிவிடும்.

ஜமால்நாச்சம்மை.
ஒரே மூச்சில்தான் சொல்வேன் உங்களை,
கடையில் கோப்பி-ஓ-கோசோங் கேட்பதுபோல.

புலாவ் உபினுக்கு அப்பால்
வரைபடத்தில் இல்லாத தீவு ஒன்று உண்டென்று
முதல் இதழிலேயே நம்ப வைத்தீர்கள்.
ஒரு ஞாயிறு பாசிர் ரிஸ் கரையில் நின்று
கண்ணைச் சுருக்கித் தேடினேன்.
எண்ணெய்க் கப்பல் ஒன்று தெரிந்தது.
அதற்குப் பின்னால் இருக்கலாம்.

தவமணிக்கு ஒரு காது கேட்காது.
நான்காம் இதழில் இடது, ஏழாம் இதழில் வலது.
பிழை என்றவர்களுக்கு அவளைத் தெரியாது.
கேட்க விரும்பாத பக்கம் எதுவோ
அந்தப் பக்கம்.

உங்கள் ஒலிக்கதைப் புயல்
ரொட்டி சுடும் தகரத் தட்டு.
கடல், மைலோ டப்பாவில் உருளும் பச்சைப்பயறு.
பதினொன்றாம் பாகத்தில்
நீர்மூழ்கியின் கதவு திறக்கிறதே,
அது உங்கள் புளோக்கின் லிஃப்ட்.
முடிவில் ஒரு சின்ன 'டிங்',
வெட்ட மறந்துவிட்டீர்கள்.
தெரிந்து என்ன பயன்?
அந்தக் கதவு திறந்த காலையில்
என் நிறுத்தம் என்னைத் தாண்டிப் போனது.
பிடோக் முனையத்தில்
ஓட்டுநர் விளக்கை அணைத்த பிறகுதான்
கரையேறினேன்.

வேலையிடத்தில் ஒரு பந்தயம்:
எந்த வரி யாருடையது?
நீர்நாய் மூன்று பாகமாக மீனைக் கனவு காண்கிறதே,
அது ஜமால் இல்லாமல் வேறு யார் என்றேன்.
அபிராமவல்லி ஒப்பவில்லை.
"பசியெல்லாம் அந்தம்மா எழுதுறது.
ஆம்பளைங்களுக்குப் பசிச்சா கத்தத்தான் தெரியும்,
எழுதத் தெரியாது."
ஒரு கோப்பி, தராசின் மேல்
ஆறு வருடமாக ஆறிக்கொண்டிருக்கிறது.

போன மார்ச்சில்
ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில்
எனக்கு முன்னால் வரிசையில் நீங்கள்.
முகத்தை எங்கே கண்டேன், குரலைத்தான் கண்டேன்.
சண்டை.

"அவ குதிக்கமாட்டா ஜமால்.
முட்டி போச்சு அவளுக்கு.
பன்னிரண்டாவதுல நாமதானே எழுதினோம்?"
"கீழே நீர்நாய் இருக்குல்ல."
"நீர்நாய் தாங்குமா, தவமணியை?"

மீ சியாமுக்கு முட்டை வேண்டுமா என்று
கடைக்காரர் மூன்றாம் முறை கேட்கிறார்.
இருவருக்குமே அந்தப் பக்கக் காது கேட்கவில்லை.

சேர்த்து வைத்த நன்றி தொண்டைவரை வந்தது.
வெளியே விழுந்தது வேறு:
"குதிப்பா."
ஒன்றாகத் திரும்பினீர்கள்.
"முட்டி போனவதான். ரெண்டு தரம் யோசிப்பா.
யோசிச்சிட்டுக் குதிப்பா."
பிறகு வெட்கம் வந்து
காலித் தட்டோடு கோழிச்சோற்றுக் கடைக்கு
ஓடிவிட்டேன்.
நன்றி மட்டும் வரிசையில்
என் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

பதினேழாம் இதழ் வந்தது.
தவமணி குதிக்கவில்லை.
ஏணியில் இறங்கினாள்,
படிக்கொரு முனகலாக, ஏழு கட்டங்கள்.
சரி, நாச்சம்மை ஜெயித்துவிட்டார் என்று
பக்கத்தைத் திருப்பினேன்.
கடைசி நாலு படி இருக்கையில்
கையை விட்டாள்.

அந்தத் துறையில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில்
மஞ்சள் மேலங்கி போட்ட ஒருத்தி.
கையில் காலித் தட்டு,
ஜமால் வரைவதெல்லாம் அப்படித்தான், நாலே விரல்.
நெஞ்சில் பெயர் அட்டை.
என் அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதைத்
தமிழில் எழுதியிருந்தீர்கள்:
'பூங்'
மிச்சத்தை யாரோ ஒருவரின் தோள் மறைக்கிறது.

நான் பூங்காவனம்.

"பூங்கொடியா இருக்கும்," என்றாள் அபிராமவல்லி,
இதழைத் தராசில் வைத்து
எடை பார்த்தபடி.
இருக்கட்டும்.
அன்றைக்குப் பந்தயக் கோப்பியை
நானே வாங்கினேன்,
அவளுக்கும் சேர்த்து.